மூன்று வாயும் இரண்டு தகரக் காதும்

அதிபருக்கு மூன்று வாய் முளைத்த அன்று காலையில், லாமாவே நகரத்தில் சோளக்கஞ்சி விற்கிற பெண்கள் வழக்கம்போல் அடுப்பு மூட்டினார்கள், லாரிப்பேட்டையில் இரண்டு ஓட்டுநர்கள் வழக்கம்போல் நிறுத்துகிற இடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், மழை வரும் வராது என்று வழக்கம்போல் ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலைச் செய்தியில் அதிபர் தோன்றி, மூக்குக்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, தாடையில் ஒன்று என்று மூன்று வாயாலும் ஒரே சமயத்தில் மீன்வளத்துறையின் சாதனைகளைப் பற்றிப் பேசினார். செய்தி வாசித்த பெண் அவருக்கு நன்றி சொன்னாள். கஞ்சிக் கடையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், முன்னைக்கு இப்போது தெளிவாகப் பேசுகிறார் என்றார். பக்கத்திலிருந்தவர், தெளிவுதான், ஆனால் வேகம் கொஞ்சம் அதிகம் என்றார். பிறகு பேச்சு மழைக்குத் திரும்பிவிட்டது.

கஃபூயி மட்டும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்த மூன்று வாயும் அவளுக்குத் தெரிந்த வாய்கள். முந்தின நாள் மத்தியானம் அவள்தான் மூன்றையும் ஒரே முகத்தில் வைத்துத் தைத்து, தாடையிலிருந்த வாய்க்குப் பல்லாகச் சோடா மூடிகளை ஆணியடித்து, லாரிப்பேட்டையைப் பார்த்த தன் வீட்டு மதிலில் மாட்டியிருந்தாள்.

அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் கட்சிக்காரர்கள் அதிபரின் முகம் அச்சிட்ட துணியை லாரி லாரியாகக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள், பெண்கள் அதில் கவுன் தைத்துக்கொள்வார்கள், ஆண்கள் சட்டை தைத்துக்கொள்வார்கள், பிழைப்புக்கு அலைகிற ஊரில் இலவசத் துணியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பாடெல்லாம் தையல்காரர்களுக்குத்தான். அதிபரின் முகம் நெஞ்சில் வரலாம், முதுகில் வரலாம், தோளில்கூட வரலாம், உட்காருகிற இடத்தில் மட்டும் வரக்கூடாது. வந்தால் தைத்தவருக்கும் சிறை, உட்கார்ந்தவருக்கும் சிறை. அதனால் அந்த இடத்தில் விழுகிற முகத்தை வெட்டி எடுத்துவிட்டு வெறுந்துணி வைத்துத் தைப்பார்கள், தையல் கடை ஒவ்வொன்றிலும் அரை முகமும் ஒற்றைக் கண்ணும் தனி வாயுமாக வெட்டுத்துண்டுகள் சேர்ந்துகொண்டே போகும், அவற்றை எரிக்கவும் பயம், மிதிக்கவும் பயம். கஃபூயியின் தம்பி எடெம் தையல்காரன். நகரத்துக் கடைகளிலிருந்தெல்லாம் அந்தத் துண்டுகளைச் சாக்கில் வாரிக்கொண்டுவந்து அக்கா வீட்டு முற்றத்தில் கொட்டுவது அவன்தான்.

அந்தத் துண்டுகளையும், மஞ்சள் எண்ணெய்க் கேன்களையும், சைக்கிள் டியூபையும், தாரையும், குப்பையில் கிடக்கிற எதையும் பலகையில் ஒட்டியும் தைத்தும் ஆணியடித்தும் அவள் ஆளுகிறவர்களைக் கேலி செய்துவந்தாள். இளம்பெண்ணாக இருந்தபோது தொடங்கியது, இப்போது முழங்கால் வலிக்கிறது, ஆள்கிறவர் மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவள் படங்களின் முன்னால் நின்று தலையை ஆட்டுவார்கள், துணிச்சல் என்பார்கள், விமானம் ஏறிப் போய்விடுவார்கள். அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது எடெம் ஒருவன்தான். அம்மா போனபோது அவன் இடுப்பில் உட்காருகிற வயசுப் பிள்ளை, அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் கடை மூடிவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்து அமைச்சர்களைப்போலப் பேசிக்காட்டிச் சிரித்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது முடியும்.

"அக்கா, நீ செஞ்சது நடந்துடுச்சு" என்று அன்றைக்கு அவன் ஓடிவந்தான்.

"எதோ தற்செயலா இருக்கும்டா."

"மூணாவது வாயிலே பல்லைப் பார்த்தியா? சோடா மூடி. பச்சையும் சிவப்பும் மாத்தி மாத்தி, நீ அடிச்ச அதே வரிசை."

அவளும் பார்த்திருந்தாள். பயமும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் அவளைச் சோர்வடையச் செய்தது. வானொலி நிலையத்தில் மூன்று ஒலிவாங்கி வைத்தார்கள். பாதிரியார் ஒருவர் மூன்று வாய்க்கு வேதத்திலிருந்து பொருள் எடுத்துச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதிபரை வரையச் சொன்னால் மூன்று வாய் வரைந்தார்கள், ஒரு வாய் வரைந்த பிள்ளைக்குக் கவனக்குறைவு என்று மார்க்கைக் குறைத்தார்கள். அடுத்த மாதமே மூன்று வாய் முகத்தோடு புதுத் துணி வந்து இறங்கியது, முகம் நீளமாகிவிட்டதால் ஒதுக்கி வெட்டுவதற்குள் உயிர் போகிறது என்று எடெம் புலம்பினான். சந்தையில் மீன் குறைந்தது, மாவு குறைந்தது. மூன்று வாய் இருக்கிற வீட்டில் சாப்பாடு கூடத்தானே ஆகும் என்று அதையும் நியாயப்படுத்திக்கொண்டார்கள்.

அரண்மனையிலிருந்து ஒருவர் பூங்கொத்தோடு வந்து அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

"அதிபருக்கு ரொம்பத் திருப்தி" என்றார் அவர். "நேத்து வந்த தூதருங்க எல்லார்கிட்டேயும் ஒரே நேரத்திலே பேசி முடிச்சுட்டார்."

"அது கேலிக்குச் செஞ்சதுங்க" என்றாள் கஃபூயி.

"தெரியுமே. அவரும் பார்த்துச் சிரிச்சார், மூணு வாயாலேயும்."

கேலி செய்தால் ஒன்று கோபப்பட வேண்டும், இல்லை வெட்கப்பட வேண்டும். பூங்கொத்து அனுப்புகிறவனை என்ன செய்வது? அன்றைக்கு அவள் பசை டப்பாவை மூடி வைத்தாள், இனி இந்த வேலை வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தாள். அவள் நினைத்தபடி விட்டிருந்தால் எடெம் இன்றைக்கும் முற்றத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான்.

ஆனால் சந்தைப் பெண்கள் விடவில்லை. கருவாட்டுக் கடை டெலாலி முன்னால் வர, ஒரு கூட்டமாக வந்து முற்றம் நிறைய உட்கார்ந்தார்கள். டெலாலி சந்தைச் சங்கத்துத் தலைவி, அவள் சொன்னால் மீன்விலை நிற்கும்.

"ஏம்மா, வாயை அள்ளிக் குடுத்தியே, காதைக் குடுத்தியா?" என்றாள் டெலாலி. "சாக்கடை அடைச்சு நாறுது, ஆஸ்பத்திரியிலே மருந்தில்லே, நாங்க கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. பேசுற மனுஷனுக்குக் கேக்க வேணாமா?"

"நான் செய்றது நையாண்டி, டெலாலி. வைத்தியமில்லே."

"எதுவோ ஒண்ணு. நல்ல பெரிய காதா வெச்சுக் குடு."

எடெமும் அவர்கள் பக்கம்தான் சேர்ந்தான். தேர்தல் பிரச்சார வண்டியிலிருந்து கழன்று விழுந்து லாரிப்பேட்டைச் சகதியில் கிடந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழல்களை அவனே கழுவித் தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தான். கஃபூயி அவற்றை முகத்தின் இரண்டு பக்கமும் பொருத்தி, விளிம்பைச் சுற்றி வெட்டுத்துண்டுக் காதுகளைத் தைத்தாள், மூன்று வாயையும் விடாமல் போட்டாள். காது கேட்காதவருக்கு இதைவிடப் பெரிய காது யாரால் வைக்க முடியும் என்று எடெம் சிரித்தான்.

மறுநாள் அதிபர் அந்தக் காதுகளோடு வந்தார், அந்தப் படத்தையும் அரண்மனை ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். முதலில் எல்லாம் தேன்தான். ஒருத்தி அடுப்படியில் நின்று சாக்கடையைத் திட்டினாள், மத்தியானமே ஆட்கள் வந்து அள்ளினார்கள். ஒரு கிழவர் மாத்திரை இல்லையே என்று முனகினார், மாத்திரை வாசலுக்கு வந்தது. ஜனங்கள் வீட்டுக்கூரையில் ஏறி நின்று வானத்தைப் பார்த்துத் தங்கள் தேவைகளைச் சொன்னார்கள், மாமியார்கள் மருமகள்களைப் பற்றிச் சொன்னார்கள், கடன் கொடுத்தவன் வாங்கினவனைப் பற்றிச் சொன்னான். டெலாலி ஒரு கூடை கருவாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தன் கையால் ஒரு நல்லது நடந்துவிட்டது என்று கஃபூயி சந்தோஷப்பட்டாள், அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து பல வருஷமாகியிருந்தது.

பிறகு, கேட்கக் கேட்க, அதிபருக்கு மற்றதும் கேட்டது. சாக்கடையைத் திட்டினவளின் வீட்டுக்கு வந்த அதே வண்டி, அதிபரைத் திட்டினவளின் வீட்டுக்கும் வந்தது. கட்டிலில் புருஷனிடம் சொன்னது கேட்டது, குளிக்கும்போது முணுமுணுத்தது கேட்டது, தூக்கத்தில் உளறினதும் கேட்டது. ஊர் அதையும் உள்வாங்கிக்கொண்டது. சந்தையில் விரலால் விலை பேசினார்கள், லாரிப்பேட்டையில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டார்கள், தேவாலயத்தில் பாடகர் குழு வாயை மட்டும் அசைத்தது, காதலர்கள் ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் விரலால் எழுதினார்கள். ஊர் அமைதியாகிவிட்டது, நல்ல ஒழுங்கு வந்திருக்கிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதியது.

எடெமுக்குத்தான் வாயைக் கட்டத் தெரியவில்லை. துணியை வெட்டிக்கொண்டே மூன்று குரலில் அதிபரைப்போலப் பேசிக்காட்டியிருக்கிறான், கடையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணை உறையை வாயில் அடைத்துக்கொண்டார்களாம். மத்தியானம் வண்டி வந்தது. கஃபூயி போய்ச் சேர்ந்தபோது மிஷினில் அரைக்கால் சட்டை ஒன்று ஊசியில் மாட்டியபடி கிடந்தது.

அதிலிருந்து அவள் தினமும் காலையில் சிறை வாசலில் சோற்றுத் தூக்கோடு நின்றாள். அந்த நாட்டில் சிறைக்குள் இருப்பவருக்கு வீட்டிலிருந்துதான் சாப்பாடு போக வேண்டும். வாசலில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பாத்திரம் காலியாகத் திரும்பி வரும், தம்பி சாப்பிட்டானா, காவலர் சாப்பிட்டாரா, தம்பி உள்ளே இருக்கிறானா இல்லையா, எதுவும் பாத்திரத்தைப் பார்த்துத் தெரியாது. வரிசையில் நிற்கிற பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கைச்சாடையில் சொன்னார்கள். உள்ளே ஆட்கள் முறைவைத்துப் படுக்கிறார்கள், ஒருவன் புதிதாக வந்தால் கதவை மூடுவதற்காகவாவது ஒருவனை வெளியே அனுப்பியாக வேண்டும், யாரை அனுப்புவது என்பது வாசல் காவலரின் அன்றைய மனசைப் பொறுத்தது. அதனால் அந்தப் பெண்கள் யாராவது புதிதாகப் பிடிபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள், வேண்டிக்கொண்டதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஃபூயியும் வேண்டிக்கொண்டாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. காதில் பஞ்சு அடைத்தமாதிரி ஒரு படம் செய்தாள். மறுநாள் அதிபர் காதில் பஞ்சோடு வந்தார், சளி பிடித்திருக்கிறது என்று அறிவித்தார்கள், பஞ்சு வழியாகவும் அவருக்குக் கேட்டது. காதைச் சின்னதாக்கிச் செய்தாள், அவருக்குக் கேட்பது இன்னும் கூர்மையாகிவிட்டது. எப்படிக் கேலி செய்தாலும் அந்த மனுஷன் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பெரிதாகிறான் என்பது ஒருநாள் வரிசையில் நிற்கும்போது அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் தன் உழைப்பு முழுக்க அவனுக்குத் தீனியாகப் போயிருக்கிறது என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதாள், அழுகையையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

பிறகு அவள் செய்த படத்தில் ஒரு சோடா மூடிகூட இல்லை. அதிபர் அதிபராவதற்கு முன்னால், அவளுடைய சின்ன வயசில், லாரிப்பேட்டையில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நின்ற ஒரு ஆளாக அவரை அவள் ஒருமுறை பக்கத்தில் பார்த்திருந்தாள். அந்த ஆளை, அவர் இப்போது ஆகியிருக்க வேண்டிய வயசில், ஒரு வாய், இரண்டு காது, கொஞ்சம் வழுக்கை, கண்ணுக்குக் கீழே பை என்று உள்ளது உள்ளபடி வெட்டுத்துண்டுகளில் தைத்தாள். கை கேலிக்கே பழகியிருந்தது, மூக்கைத் தைக்கும்போது தானாகவே நீட்டியது, பிரித்துப் பிரித்துத் தைத்தாள். முடித்து மதிலில் மாட்டியபோது போகிற வருகிற யாரும் நின்று பார்க்கவில்லை. அது யார் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலைச் செய்தியில் அதிபரின் நாற்காலியில் பலகை ஒன்று உட்கார்ந்திருந்தது. காது வைத்து அவள் செய்த அதே படம், மூன்று வாயும் தகரக் காதுமாக, அதன்மேல் கோட்டு ஒன்றும் போர்த்தியிருந்தது. அமைச்சர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அதிபர் நலமாக இருக்கிறார், இன்று மௌனமாக நாட்டைப் பற்றிச் சிந்திக்கிறார் என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள். கஞ்சிக் கடையில் ஒருவர் கைச்சாடையில், கொஞ்சம் நிறம் கூடியிருக்கிறார் என்றார். பக்கத்திலிருந்தவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

கஃபூயி வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு கிழவர் நின்றார், அவள் தைத்து மாட்டிய அதே வழுக்கை, கண்ணுக்குக் கீழே அதே பை. சட்டையின் தோள் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது, காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீதான் கஃபூயி" என்றார். "உன் குரல் எனக்குப் பழக்கம். நீ ரொம்பப் பேச மாட்டே. உன் தம்பிதான் பேசிக்கிட்டே இருப்பான்."

"என் தம்பி எங்கே?"

"கையெழுத்து மட்டும்தான் நான் போட்டேன். எங்கே வெச்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்." அவர் மதிலைப் பிடித்துக்கொண்டார். "அரண்மனை வாசல்லே என்னை உள்ளே விடலே. சமையல்காரன் வரைக்கும் யாருன்னு கேக்கறான். என் படத்தைத் திரும்பச் செஞ்சுடும்மா. காதுகூட வேணாம், ஒரு வாய் போதும், கொஞ்சம் பெரிசா. சாயங்காலமே உன் தம்பியை விடச் சொல்றேன்."

அவளால் முடியும். முற்றத்தில் துண்டுகள் மூட்டையாகக் கிடந்தன, பசை இருந்தது. அவர் சொன்னபடி விடவும் விடுவார், அடுத்த வாரம் மறுபடி பிடித்துக்கொண்டும் போவார். அவள் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். ஒற்றை வாயால் சாப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போனதால் அவர் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"வாங்க, போயிட்டு வரலாம்" என்றாள், சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு.

"எங்கேம்மா?"

"சிறை வாசலுக்கு. நீங்களே சொல்லி விடச் சொல்லுங்க."

என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் அவர் ஓரிடத்தில் தடுக்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள், பிடித்த கையை வாசல் வரைக்கும் விடவில்லை.

வாசல் காவலர் தூக்கைத்தான் முதலில் பார்த்தார். "இது யாரு?" என்றார்.

"நான்தான் அதிபர்" என்றார் கிழவர், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "இந்தப் பொண்ணோட தம்பி எடெமை உடனே வெளியே விடு."

காவலர் கோபப்படவில்லை. கோபப்படுகிற வயசை அவரும் தாண்டியிருந்தார். "அதிபர்னு சொல்லிக்கிட்டு உள்ளே ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க. பேச்சுத்துணைக்கு ஆகும், வா" என்றார். "அதிபர் அதோ உட்கார்ந்திருக்கார், பாரு." காவலரின் அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் கழுத்தை நீட்டி, நாற்காலியில் இருந்த பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றார் கஃபூயியிடம். பிறகு, "இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும், இல்லே?" என்றார்.

"தெரியும்" என்றாள்.

காவலர் கிழவரை உள்ளே தள்ளினார், உள்ளே இடமில்லாமல் கதவு மூடவில்லை, சலிப்போடு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "யாரை எடுக்கறது?"

கஃபூயிக்குப் பின்னால் அத்தனை பெண்களும் நின்றார்கள், டெலாலியும் நின்றாள், அவள் மகளும் உள்ளே இருந்தாள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, அத்தனை கண்ணும் கஃபூயியின் முதுகில் இருந்தன. அவள் திரும்பாமலே தன் தம்பியின் பெயரைச் சொன்னாள்.

எடெம் மொட்டைத் தலையோடு வெளியே வந்தான். அவள் அவன் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தாள், இருந்தன. டெலாலி முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தாள். அவனைக் கூட்டிக்கொண்டு சந்தை வழியாக, விரலால் விலை பேசுகிற கூட்டத்தின் நடுவே, லாரிப்பேட்டை வழியாக நடந்தாள், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வந்து உட்கார்ந்தான், கஞ்சி குடித்தான், கிண்ணத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

"எடெம், பேசுடா" என்றாள் அவள். "எதாவது பேசு. யாரைப்போலயாவது பேசிக்காட்டு. நாற்காலியிலே இருக்கறது நான் ஒட்டின பலகை. காது வெறும் தகரம். யாருக்கும் எதுவும் கேக்காது, நாம என்ன வேணாப் பேசலாம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுட்டுவிரலைத் தூக்கி அவள் வாயைக் காட்டினான். அவ்வளவையும் தான் கிசுகிசுப்பாகச் சொல்லியிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

உரக்கச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் சொன்னாள், இந்த முறை இன்னும் மெதுவாக.